மதாம் கொடுத்த கிழங்கு

"மீன்காரிக்கு எதுக்கு இந்தச் செடி?"

நீலாயதாட்சி அக்காவின் வாசலில் நின்றுகொண்டு ஜூலியட் இப்படிக் கேட்டாள். கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. வக்கீலுக்கு எதற்கு நாய், வாத்தியாருக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் என்று யாராவது கேட்கிறார்களா? மீன் விற்கிறவள் வீட்டில் கருவாடுதான் தொங்க வேண்டுமாம், பூ பூத்தால் குற்றமாம். அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். அக்கா என்னை எழுதச் சொல்லவில்லை. கேட்டால் "உனக்கு வேற வேலை இல்லையா ஜெயா" என்பார்.

நாங்கள் இருப்பது காரைக்கால் கோவில்பத்தில், மருதையன் என்பவரின் மாடி வீட்டில். மேலே அவர் குடும்பம். கீழே முன்பக்கம் நான், பின்பக்கம் அக்கா. நான் டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். அக்காவுக்கு மீன் வியாபாரம். விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அலுமினியச் சட்டியில் அடுக்கிக்கொண்டு டவுனுக்கு வந்துவிடுவார். பிறகு தெருத்தெருவாக நடை. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் வினோதினியைத் தரங்கம்பாடியில் கட்டிக் கொடுத்ததும் இந்தச் சட்டியைச் சுமந்துதான்.

மீன்காரி வாய் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. அக்காவுக்கு அப்படிப்பட்ட வாய் இல்லை. நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன்.

கத்த வேண்டிய விஷயம் இந்த வீட்டில் தினமும் ஒன்று இருக்கும். அக்கா வியாபாரம் முடிந்து பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே போன உடனே மருதையனின் மனைவி பினாயில் பாட்டிலோடு இறங்கி வந்துவிடுவார். அக்கா நடந்த தரையில் தெளிப்பார். அதே அம்மாள்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில், "நீலா, சங்கரா நல்லதா ரெண்டு எடுத்து வை" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பார். மீன் மட்டும் மணக்கும், அதைக் கொண்டுவந்தவள் நாறுவாள். இதை அவர் முகத்துக்கு நேராகவே ஒரு நாள் கேட்டுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே போனால் வேறு உலகம். குளித்து முடித்து, எலுமிச்சம்பழத் தோலால் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதன்பிறகுதான் ஜன்னல் ஓரத்துத் தொட்டியிடம் போவார். கரும்பச்சையில் அகல அகலமாக இலைகள். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் துடைப்பார். மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் பேச்சு. ஆமாம், செடியோடு பேசுவார். என்னிடம் பேசுவதைவிட அதிகமாகவே பேசுவார்.

செடியைக் கொடுத்தது மதாம் லூர்தம்மாள். (பிரெஞ்சில் மதாம் என்றால் அம்மணி.) டவுனில் பழைய பெரிய வீடு அவருடையது. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். தென் அமெரிக்காவில், கயானாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கிழங்கைக் கொண்டுவந்தாராம். மண்ணுக்குள் வெங்காயம் போலக் கிழங்கு இருக்கும். வெள்ளை வெளேரென்று பூ வரும். அமேசான் லில்லி என்று பின்னாளில் ஒரு நர்சரிக்காரர் பெயர் சொன்னார். காரைக்காலில் வேறு எந்த வீட்டிலும் நான் அதைப் பார்த்ததில்லை. மதாம் அதைக் கூடத்து ஜன்னலோரம் வைத்திருந்தார். அக்கா மீன் கொண்டுபோனால் பின்கட்டில் நிறுத்திப் பேசி அனுப்புகிற ஆள் இல்லை அவர். கூடத்துக்கே கூப்பிடுவார், நாற்காலியில் உட்காரச் சொல்வார். காப்பி கொடுப்பார். அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது, காப்பியைவிட நாற்காலியைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்.

கணவர் இறந்த பிறகு மதாமைப் பிரான்ஸிலிருந்த மகன் வந்து கூட்டிப் போனார். வீட்டைக் காலி செய்கிற அன்று சொந்தக்காரர்கள் வேனோடு வந்தார்கள். பீரோ, கட்டில், பிரிட்ஜ், விளக்கின் கண்ணாடிக் கூடு வரைக்கும் போயிற்று. ஜூலியட் மதாமின் தங்கை மகள். நாற்காலிகள் அவளுக்கு. (இவளுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்கவும்.) தொட்டியை யாரும் சீண்டவில்லை. அப்போது இலை எல்லாம் பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "அந்த அழுகல் வெங்காயத்த யாராச்சும் வெளில தூக்கிப் போடுங்களேன்" என்று ஜூலியட்தான் சொன்னாள். கடைசி மீன் கொடுக்க வந்திருந்த அக்காவை மதாம் கூப்பிட்டார்.

"நீலா, இத நீ எடுத்துட்டுப் போ. உள்ள அஞ்சு கிழங்கு இருக்கு. வீட்டுக்குள்ளயே வை. பூத்தா எனக்குச் சொல்லி அனுப்பு."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாராம். அக்கா ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்து நடந்தது எங்கள் பக்கத்தில் மட்டும் நடக்கக்கூடிய கூத்து. மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிற பெண்ணை எங்கள் ஊரில் பொறுப்பில்லாதவள் என்பார்கள். அது கறிவேப்பிலைக்குப் போக வேண்டும், முருங்கைக்குப் போக வேண்டும், ரோஜாவுக்குப் போக வேண்டும். அதை ஊற்றினால் செடி கொழுகொழுவென்று வரும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வீட்டிலேயே உசத்தியான செடி இந்தக் கிழங்குச் செடிதானே? அக்கா நல்ல மீன் தண்ணீராகப் பார்த்து, அதுவும் இறால் கழுவியதாகப் பார்த்து, தினமும் அதற்கு ஊற்றினார். வீட்டுக்குள் ஈ மொய்த்தது. நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போவேன். மருதையன் வந்து குதித்துவிட்டுப் போனார். அக்கா அசரவில்லை.

இலை ஒவ்வொன்றாகக் கொழகொழவென்று சாய்ந்தது. கவலைப்பட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். ஒரு நாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் நாலு கிழங்கு கூழாகிப் போயிருந்தது. ஒன்றே ஒன்று, அதுவும் பாதி அழுகி, மீதி கெட்டியாக இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கணவர் காரியத்தில்கூட அப்படி அழவில்லை என்று வினோதினி சொன்னாள். அழுதுவிட்டு எழுந்து, மீன் அறுக்கிற கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, அழுகலை வெட்டி எடுத்தார். வெட்டின இடத்தில் சாம்பலைத் தடவி நிழலில் உலர்த்தினார். புது மணல், தேங்காய் நார், கொஞ்சம் மக்கின இலை. கிழங்கின் கழுத்து வெளியே தெரியும்படி நட்டார். எங்கள் போர் தண்ணீர் உப்பு, குழாயில் வருவதும் சுமார்தான். ஐப்பசி மழையில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து மூடி வைத்தார். செடிக்கு அது மட்டும்தான்.

அதன்பிறகு வருஷக்கணக்கில் இலைதான். பூவைக் காணோம். "மதாமுக்கு என்னன்னு சொல்லி அனுப்புறது ஜெயா, இன்னும் பூக்கலியே" என்பார். போன் நம்பர் வாங்கிப் பேசலாமே என்றால், "பூக்கட்டும், வெறுங்கையோட எப்படிப் பேசுறது?" என்பார். எனக்குக் கோபமாக வரும். போனில் பேச என்ன கை வேண்டிக் கிடக்கிறது?

போன வருஷம் வினோதினியின் பிரசவத்துக்காக அக்கா தரங்கம்பாடிக்குப் போனார். வீட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சீக்கிரம் திரும்பலாம் என்று நினைத்தவரைப் பேரப்பிள்ளை விடவில்லை. செடி போயே போச்சு என்றுதான் நான் முடிவு கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் இலைகள் வாடித் தொங்கின, ஆனால் சாகவில்லை. அக்கா மறுபடி தண்ணீர் காட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் நடுவிலிருந்து தடியாக ஒரு தண்டு கிளம்பியது. நன்றாகக் காயப்போட்டு அப்புறம் தண்ணீர் கொடுத்தால்தான் பூக்குமாம் அந்தச் செடி. பாசத்தில் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

ஆவணியில் பூத்தது. ஒரே தண்டில் வெள்ளைப் பூக்கள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நடுவில் லேசான பச்சை. வாசனை சந்து வரைக்கும் வந்தது. மருதையனின் மனைவி பினாயில் பாட்டிலோடு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அன்று அக்கா வீட்டு வாசலில் கூட்டம். அதுவரை அக்காவின் நிலைப்படி மிதிக்காதவர்கள் எல்லாம் உள்ளே வந்து செடியோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். அக்காவோடு ஒருத்தரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்தேன். அக்காவும் பூவுமாக ஒரு படம். அதை என் ஸ்டேட்டஸில் போட்டேன்.

"மதாமுக்கு அனுப்ப முடியுமா ஜெயா?" என்றார் அக்கா. முகம் எல்லாம் சிரிப்பு. "எப்படியாச்சும் நம்பர் கண்டுபிடிச்சு அனுப்பிடு."

நம்பர் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. படம் கை மாறிக் கை மாறி ஜூலியட்டிடம் போயிருந்தது. மறுநாள் மாலை கார் வந்து நின்றது. அவளும் டிரைவரும் இறங்கினார்கள். அக்கா அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"இது எங்க பெரியம்மா செடியாச்சே? ஒங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"மதாம்தான் குடுத்தாங்க, ஜூலியட்டம்மா. நீங்களும் அங்கதான இருந்தீங்க."

"நான் பாக்கலியே. வீடு காலி பண்ண அன்னிக்கு எத்தன சாமான் காணாமப் போச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும்." அப்புறம்தான் அந்தக் கேள்வி. "மீன்காரிக்கு எதுக்கு இந்தச் செடி?"

மருதையன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீலா, போலீஸ் அது இதுன்னு ஆகறதுக்குள்ள குடுத்து அனுப்பிடு. நம்ம வீட்டுக்குக் கெட்ட பேரு" என்றார். முந்தின நாள் அதே செடியோடு பல்லைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தவர் இவர்!

"அழுகல் வெங்காயம்னு தூக்கிப் போடச் சொன்னது யாருங்க? நாற்காலியத் தூக்கிட்டுப் போனப்ப ஒங்க கண்ணுக்கு இது தெரியலையா? யாரப் பாத்துத் திருடிங்கறீங்க?" என்று நான் கத்திய கத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"இந்தாம்மா, சண்ட போட வரல. ஞாயித்துக்கிழம பெரியம்மாவுக்கு நினைவுப் பூசை. அவங்க படத்துக்கு முன்னாடி இத வைக்கணும். அதுக்குத்தான் வந்தோம்" என்றாள் ஜூலியட்.

அக்காவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. தன்னைத் திருடி என்றதற்கு அவர் வாய் திறக்கவில்லை. இதற்குத் திறந்தார்.

"மதாம் எப்பங்க தவறுனாங்க?"

"மே மாசமே."

மே மாதம். காரைக்காலில் பேப்பர் போடுகிறவருக்குச் சொன்னார்களாம், பால்காரருக்குச் சொன்னார்களாம். அக்கா தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய பிறகும் ஜூலியட்டின் வீட்டு வாசலுக்கு வாரம் தவறாமல் மீன் கொண்டுபோயிருக்கிறார். மீனைப் புரட்டிப் பார்க்கவும் விலையைக் குறைக்கவும் வாய் இருந்தது, "பெரியம்மா போய்ட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லை. திருடி என்று சொன்னதைக்கூட நான் ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. இதை மன்னிக்க மாட்டேன்.

அக்கா உள்ளே போய்த் தொட்டியைத் தூக்கி வந்தார். நான் மறித்தேன். "விடு ஜெயா, அவங்க படத்துக்கு முன்னாடிதான வைக்கப் போறாங்க" என்றார். டிரைவரின் கையில் கொடுத்துவிட்டு, "வெயில்ல மட்டும் வச்சுடாதீங்க. பூசை முடிஞ்சதும் நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றார். ஜூலியட் கார்க் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் மாதா கோயிலுக்குப் போனோம். அக்கா மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கட்டியிருந்தார். கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டார், நான் எவ்வளவு இழுத்தும் முன்னால் வரவில்லை. மதாமின் படத்துக்கு முன்னால் பூக்கள் நன்றாகத்தான் இருந்தன. பூசை முடிந்து எல்லோரும் சூழ்ந்துகொண்டு என்ன பூ என்று விசாரித்தபோது, "எங்க குடும்பத்துச் செடி, பெரியப்பா கொண்டுவந்தது, அப்போலேருந்து நாங்கதான் காப்பாத்திட்டு வர்றோம்" என்று ஜூலியட் சொன்னாள். காப்பாற்றினார்களாம்!

அக்கா தயங்கித் தயங்கிப் போய்த் தொட்டியைக் கேட்டார். "அது எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஜூலியட் ஒரு டிபன் பொட்டலத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். நான் அதைப் பிடுங்கி அங்கேயே வைத்துவிடப் போனேன். அக்கா விடவில்லை.

"மதாம் பேர்ல குடுக்குறது. வேண்டாம்னு சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, தொட்டி இருந்த ஜன்னலோரத்தைத் துடைத்தார். அதன்பிறகும் தினமும் துடைத்தார். மழைத் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடுவார். எங்களுக்குள் அந்தப் பேச்சே இல்லாமல் போயிற்று. எடுத்தால் எனக்குக் கோபம் வரும், அவருக்கு அழுகை வரும். எதற்கு என்று விட்டுவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். நான் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தேன். மருதையன் கேட்டருகே நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா தலையில் மீன் சட்டியோடு தெருமுனையில் திரும்பி வந்தார். சட்டிக்குள்ளிருந்து கருகின இலைகள் எட்டிப் பார்த்தன.

"என்ன நீலா இது?" என்றார் மருதையன்.

"திருடிட்டு வந்தேங்க" என்றார் அக்கா.

மருதையன் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். அக்கா சிரிக்காமல் உள்ளே போனார்.

நடந்தது இதுதான். பூசை முடிந்த அன்றே தொட்டியைக் கொண்டுபோய் மதாமின் கணவரின் கல்லறைமேல் வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகக்கூட மனசில்லை, "எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றவளுக்கு. மொட்டை வெயில். கொதிக்கிற கல். பூ எப்போதோ உதிர்ந்து, இலை அப்பளமாகக் காய்ந்து, தொட்டியில் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றிய அடையாளம் வேறு. அக்கா அந்தத் தெருவில் மீன் விற்றுவிட்டு வரும்போது கல்லறைத் தோட்டத்தின் கேட் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"யார்கிட்டயும் கேக்காமயா எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். தப்பு என்று சொல்வதற்காகக் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"மதாம் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்" என்றார். "அவரு கொண்டுவந்ததுதான?"

கிழங்கு பிழைத்தது. கருகியதை எல்லாம் வெட்டிவிட்டு, மண்ணை மாற்றி, பழைய ஜன்னலோரத்தில் வைத்தார். கார்த்திகை மழை நின்ற சமயம், சுருட்டிய வெற்றிலை மாதிரி ஒரு தளிர் வந்தது. இப்போது மூன்று இலை.

ஜூலியட் இன்றும் அக்காவிடம்தான் மீன் வாங்குகிறாள். சட்டியை இறக்கச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து, வஞ்சிரத்துக்கு அடித்துப் பேரம் பேசுகிறாள். அவளே திருட்டுப் பட்டம் கட்டிய செடி இன்று நிஜமாகவே திருட்டுச் செடி. பட்டப்பகலில் டவுன் வழியாகத் தலையில் சுமந்து வந்தது. கல்லறையில் அது இல்லை என்று ஊரில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா? அங்கே இப்போது பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்களாம்.

"இவ்ளோ நாளாச்சு, தொட்டி எங்கன்னு ஒரு வார்த்த கேட்டாளா?" என்று நேற்றும் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன்.

அக்கா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வாரமும் அந்த வாசல்ல எறக்குறப்ப, இன்னிக்குக் கேப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஜெயா எறக்குறேன். கேட்டா குடுத்துடலாம்னுதான் இருந்தேன்" என்றார். "கேக்கவே இல்ல."